அப்பா கிணற்றுக்குள் இறங்கிய நாள்

அப்பா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினரும் சபையாரும் அவரை வலது காலை இழுத்து நடந்தவராகவே அறிவீர்கள். ஆலயப் படியில் சறுக்கி விழுந்தார் என்று சிலரும், பிறவியிலேயே அப்படித்தான் என்று சிலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். நடந்ததை எழுத வேண்டாம், இறந்தவர் மலரில் பழைய சண்டை எதற்கு என்று சித்தப்பா சொல்லியனுப்பினார். மூத்த மகளான எனக்கு அப்பாவின் பிடிவாதத்தில் பாதி வந்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா நாஞ்சில் நாட்டில் பிறந்தவர். ஏழு வயதில் தாயை இழந்து, மிஷன் பள்ளியில் படித்து, இருபத்தைந்து வயதில் திருவனந்தபுரத்துத் தமிழ்ச் சபைக்கு உபதேசியாராக வந்தார். பழவங்காடிக் கடைகளில் வேலை செய்தவர்களும் சர்க்கார் கச்சேரி குமஸ்தாக்களுமாக அப்போது முப்பது குடும்பங்கள் இருந்தன. காய்ச்சல் வந்த வீடு எதுவானாலும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கிறிஸ்துமஸ் பிரசங்கம் மட்டும் எங்களுக்குச் சோதனை. கடவுள் பரலோகத்தை விட்டு மனிதர் நடுவில் இறங்கி வந்ததை ஒன்றரை மணி நேரம் விளக்குவார். பிள்ளைகள் தூங்கி விழுவோம், வீட்டில் ஆப்பம் ஆறிப்போகும்.

சபை வளவில் கிணறு கிடையாது. மகாராஜா கோயில் கதவுகளை எல்லாருக்கும் திறந்துவிட்டதற்கு மறுவருஷம், ஈஸ்டருக்குள் சொந்தக் கிணற்றில் நீர் எடுத்துவிட வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். தோண்ட வந்தவர் ஏசடியான். அப்பாவிடம் வேதம் கற்று ஞானஸ்நானம் பெற்றவர்தான், ஆனாலும் ஆலயத்தில் கடைசிப் பாயில் தனியாக உட்காருவார். எங்களைவிடத் தாழ்ந்த ஆளாக அவரை வைத்திருந்தோம். ஊற்று கண்ட அன்று தோண்டியவருக்கு வேட்டியும் வெற்றிலையும் கொடுப்பது வழக்கம். அதற்குப்பின் அவர் அந்தக் கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாது. எங்கள் முன்னோரே யார் யார் கிணற்றடியிலோ ஒதுங்கி நின்று நீர் வாங்கியவர்கள். அப்படியிருந்தும் இந்த வழக்கத்தைச் சபை மூப்பர்கள் கேட்டார்கள், அப்பாவும் தலையாட்டினார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஐந்து ஆள் ஆழத்தில் மணல் தட்டியது. சுவர் சரியாமல் தாங்க இறக்க வேண்டிய சுட்ட மண் உறைகள் நாகர்கோவிலிலிருந்து மாட்டு வண்டியில் வந்துகொண்டிருந்தன. "ஒறை வரட்டும் உபதேசியாரே, இனி தோண்டினா இடியும்" என்றார் ஏசடியான். ஈஸ்டருக்கு எட்டே நாள்தான் என்று அப்பா அவசரப்படுத்தினார். இன்னும் ஒரு முழம் மட்டும் தோண்டு என்றார். ஏசடியான் மறுபேச்சில்லாமல் இறங்கினார்.

காலை பத்து மணி இருக்கும். சுவர் சரிந்த சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். ஏசடியானைக் கழுத்து வரை மணல் மூடியிருந்தது, தலை மட்டும் தெரிந்தது. அடியில் ஊற்றுத் திறந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. மேலே கயிறு பிடித்திருந்த அவருடைய மச்சினன் இறங்கப் போனார். ஆளைத் தூக்கக் கயிறு பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவரே என்று மற்றவர்கள் தடுத்துவிட்டார்கள். சபை ஆண்கள் பத்துப் பேர் நின்றார்கள். இன்னொரு ஆள் இறங்கினால் மீதிச் சுவரும் விழும் என்றார்கள். அது பொய்யல்ல, நியாயமான பயந்தான். சித்தப்பா ஒரு கயிற்றை எறிந்து, இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார். கயிறு ஏசடியானின் தலையருகே விழுந்து அப்படியே கிடந்தது.

அப்பா விளிம்பில் முழங்காலிட்டுக் குனிந்தார். "ஏசடியானே, கை கூப்பி ஜெபம் பண்ணு" என்றார்.

கீழிருந்து பதில் வந்தது: "கையி ரெண்டும் மண்ணுக்குள்ள இருக்கு, உபதேசியாரே."

அப்பா எழுந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சித்தப்பா அவர் தோளைப் பிடித்து, "அண்ணா, மூணு பொம்பளப் பிள்ளைய பெத்திருக்கீரு" என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், போக வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அப்பா கயிற்றைப் பற்றி இறங்கினார். அவர் கால் பட்ட இடமெல்லாம் மண் பொலபொலவென்று உதிர்ந்தது.

அதன்பின் நடந்ததை மேலிருந்து காதால் கேட்டேன், மீதியை ஏசடியான் பிறகு சொன்னார். அப்பா ஒரு சிரட்டையால் மணலை அள்ளினார். நீர் ஏறிக்கொண்டே வந்தது. "நீங்க ஏறிப்போங்க, எனக்கு மதி, போதும்" என்று ஏசடியான் சொன்னார். "உன்ன விட்டுட்டு நான் ஏறமாட்டேன். மேல நின்னு பேசினதெல்லாம் போதும்" என்றார் அப்பா. பிறகு சிரட்டைச் சத்தம் மட்டும் கேட்டது. கோட்டை என் நெஞ்சோடு அழுத்திப் பிடித்திருந்தேன். நீர் ஏசடியானின் தாடையைத் தொட்டபோது அவருடைய கைகள் வெளியே வந்தன. அப்பா அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். மச்சினன் இழுத்தார், ஏசடியான் மேலே வந்தார். அப்பாவுக்காகக் கயிறு மறுபடி இறங்கும்போது எதிர்ச்சுவர் விழுந்தது.

அப்பாவை உயிரோடு தூக்கினோம். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. வைத்தியர் கட்டுப் போட்டும் அது நேராகச் சேரவில்லை.

உறைகள் வந்தன, கிணறு முடிந்தது. ஈஸ்டர் காலையில் அப்பா தம்மைக் கட்டிலோடு கிணற்றடிக்குத் தூக்கி வரச் சொன்னார். வேட்டியும் வெற்றிலையும் தட்டில் தயாராக இருந்தன. கூடவே கயிற்றையும் எடுத்து ஏசடியான் கையில் கொடுத்து, முதல் வாளியை நீயே இறை என்றார். ஏசடியான் இறைத்தார். அன்றே நான்கு குடும்பங்கள் விலகிப் போயின. அதில் ஒன்று சித்தப்பாவின் குடும்பம். அதன்பின் அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கூடப்பிறந்த தம்பி போனது அப்பாவுக்குக் காலைவிட வலித்தது, அதை நான் அறிவேன்.

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் பிரசங்கம் ஐந்து நிமிஷந்தான். "இருபது வருஷமா கடவுள் இறங்கி வந்தார்னு மேல நின்னு சொன்னேன். கீழ கெடக்கிறவனுக்கு மேலயிருந்து வாற சத்தம் எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியாது. கடவுளுக்குத் தெரிஞ்சிருக்கு, அதான் இறங்கினார். நாம பாடுவோம்" என்றார். முதல்முறையாகச் சூடான ஆப்பம் சாப்பிட்டோம்.

போன வருஷம் நெஞ்சுவலியில் நான்கு நாள் கிடந்து அப்பா அடங்கினார். எங்கள் பக்கத்தில் உடலைக் குளிப்பாட்டும் நீரை இரத்த உறவில் ஓர் ஆண்தான் இறைக்க வேண்டும். அப்பாவுக்கு மகன் இல்லை. பல வருஷம் கழித்து வந்திருந்த சித்தப்பா கிணற்றடிக்குப் போய்க் கயிற்றைக் கையில் எடுத்தார். வேலியோரம் ஏசடியான் நின்றிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சித்தப்பா வெகுநேரம் கிணற்றுக்குள் குனிந்து பார்த்தபடி நின்றார்.

வைத்தியருக்கும், பெட்டி செய்து தந்தவருக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சோறு பொங்கிய பக்கத்து வீட்டாருக்கும், ஜெபித்த சபையாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவைக் குளிப்பாட்ட நீர் இறைத்துத் தந்த ஏசடியான் பெரியப்பாவுக்கு நன்றி. அவரிடம் போய்க் கயிற்றை நீட்டியவர் நீங்கள்தான், சித்தப்பா. அதை எழுதத்தான் மற்றதையெல்லாம் எழுத வேண்டியிருந்தது.