முதலாளி எழுதிய விடைகள்

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் முனையை இடது கட்டைவிரலால் தடவிப் பார்த்தபடியே, வலது சுட்டுவிரலால் போனில் 'ஒளித்தொகுப்பு' என்று எழுதிக்கொண்டிருக்கிறார் வைரவநாதன். 'ஒ'வைத் தேடக் கொஞ்ச நேரம் போகிறது. 'ளி'யைத் தேட இன்னும் கொஞ்ச நேரம். கத்தி வாங்க வந்த தோட்டத்து ஆள் காலை மாற்றி மாற்றி நிற்கிறார். "பொறுப்பா, இலை எப்படிச் சாப்பாடு ஆக்குதுன்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டு வந்துர்றேன்" என்கிறார் முதலாளி. இலையோடு காலமெல்லாம் புழங்கும் அந்த மனுசருக்கே அது புதுச் செய்தி. வாயைத் திறந்தபடி பார்க்கிறார்.

இலங்கை மலையகத்தில், பதுளை கடைவீதியில் மூன்று தலைமுறையாக நிற்கிற கடை அது. கவ்வாத்துக் கத்தி, கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்கு, கூடைக் கயிறு, சுண்ணாம்பு, சாம்பிராணி என்று தோட்டத்து வீட்டுக்கு வேண்டியது எல்லாம் கிடைக்கும். அறுபத்தொரு வயதாகிறது அவருக்கு. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பி ஒடிந்து இரண்டு வருசம். அந்த இடத்தில் கயிற்று நூலைக் கட்டிக் காதில் மாட்டியிருக்கிறார். கடை நிறையக் கயிறு இருக்கும்போது புதுக்கண்ணாடி எதற்கு என்பது அவர் கட்சி.

அந்தப் போனுக்குள் ஒரு கொப்பி, பாடம் எழுதுகிற நோட்டு, இருக்கிறது. மொனராகலைப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிற அவர் மகள் மேனுஷா, கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது தொடங்கியது. கொப்பி ஒன்றேயொன்றுதான். ஆனால் பூனாகலையில் ஒரு பிள்ளை திறந்தாலும் அதே கொப்பி, ஹல்துமுல்லையில் ஒரு பிள்ளை திறந்தாலும் அதே கொப்பி. யாரும் எழுதலாம், யாரும் அழிக்கலாம், ஓரத்தில் கேள்வி கேட்கலாம், தெரிந்தவர் விடை போடலாம். விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் இல்லாத தோட்டத்துப் பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் அதைத்தான் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார்கள். மேனுஷா கையால் எழுதி அனுப்பும் பாடங்களைப் போனில் அடித்துச் சேர்ப்பது அப்பாவின் வேலை; அவர் எழுதும் எதற்கும் பக்கத்தில் கடையின் பெயர் நிற்கும். கடைக்கு அறுந்துபோகாத இணைய வசதி இருந்தது, அப்பாவுக்கு மத்தியானத்தில் ஈ ஓட்டுகிற நேரமும் இருந்தது.

முதல் நாள் அவர் பட்ட பாடு கடைவீதிக்கே தெரியும். தான் எழுதிய வரிக்குக் கீழே எழுத்துகள் தானாக முளைப்பதைக் கண்டு போனைச் சாம்பிராணிப் பெட்டிக்குள் போட்டுவிட்டார். "உள்ளுக்குள்ள யாரோ இருக்காங்க!" பக்கத்துக் கடை றில்வான் ஓடி வந்து எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேய் இல்ல முதலாளி, பூனாகலையில ஒரு புள்ள எழுதுது. 'நன்றி முதலாளி'ன்னு எழுதுது, பாருங்க." அவருக்கு மேல் சிலிர்த்துப் போனது. பூனாகலையிலிருந்து ஒரு பிள்ளை மலையிறங்காமல், பஸ் ஏறாமல், கடைக்குள் வந்து நன்றி சொல்லிப் போகிறதே!

அவரிடம் ஒரு பிடிவாதம். கடைக்கு வந்து கேட்டவரிடம் 'இல்லை' என்று சொல்லமாட்டார். அப்பன் பாட்டன் காலத்துப் பழக்கம் அது. கேட்ட சாமான் கையிருப்பில் இல்லாவிட்டால் "வெள்ளிக்கிழமை வரும்" என்பார். பத்து வருசமாக வராத சாமானும் வெள்ளிக்கிழமைதான் வரும். வாசலில் 'இல்லை' என்ற சொல் விழுந்தால் லட்சுமி இறங்கிப் போய்விடுவாளாம். இந்தப் பழக்கத்தை அவர் கொப்பிக்குள்ளும் கொண்டுபோனார். ஓரத்தில் ஒரு கேள்வி விடையில்லாமல் நின்றால், சாமான் கேட்ட ஆள் வாசலில் நிற்பதைப் போலவே அவருக்கு இருந்தது. "தெரியாததுக்குப் பதில் போடாதீங்கப்பா, நான் ஞாயித்துக்கிழமை பாத்துக்கிறேன்" என்று மேனுஷா எத்தனையோ தடவை சொன்னாள். "கேட்ட பிள்ளைய நாலு நாள் நிக்க வைக்கிறதா? என்ன பேச்சு பேசுற?" என்று போனை வைத்துவிடுவார்.

பெரும்பாலும் பழைய பாடப்புத்தகம் ஒன்றைப் புரட்டித் தேடிப் போடுவார். தேடிக் கிடைக்காவிட்டால் தன் அறிவுக்கு எட்டியதைப் போடுவார். கெட்ட எண்ணம் ஒரு குன்றிமணி அளவும் கிடையாது, அதில் யாரும் வாயைத் திறக்க வேண்டாம். "என் எழுத்துல ஒருத்தரும் ஒரு பிழை கண்டுபிடிச்சதில்ல, தெரியுமா?" என்று றில்வானிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டும் இருந்தார்.

மேனுஷா காய்ச்சலில் படுத்த வாரம் அந்தக் கேள்வி வந்தது. செறிந்த அமிலத்தைத் தண்ணீர் கலந்து ஐதாக்கும்போது எதை எதில் ஊற்ற வேண்டும்? மூன்று நாள் கேள்வி அப்படியே நின்றது. புத்தகத்தில் அந்தப் பக்கம் கிழிந்திருந்தது. வைரவநாதன் யோசித்தார். சுண்ணாம்புக் கல்லை எப்படி நீற்றுகிறோம்? கல்லை வாளியில் போட்டு மேலே தண்ணீரை ஊற்றுகிறோம். இதுவும் அதுபோல் பொங்குகிற சாமான்தானே? அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்று எழுதினார். எழுதி முடித்ததும் நல்ல வியாபாரம் நடந்ததைப் போல ஒரு டீ வரவழைத்துக் குடித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மேனுஷா போனில் அழைத்தாள். அவர் ஒருவருக்குக் கயிறு முழம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, அமிலக் கேள்விக்கு நீங்களா விடை போட்டீங்க?"

"ஆமா. நீ காய்ச்சல்ல கிடந்த. பாவம், கேள்வி அப்படியே நின்னுச்சு."

"ஐயோ அப்பா! அமிலத்தைத்தான் தண்ணியில கொஞ்சங் கொஞ்சமா விடணும். மாத்தி ஊத்தினா வெடிச்சுத் தெறிக்கும். ஹல்துமுல்லையில ஒரு பிள்ளை நீங்க எழுதினபடி செஞ்சிருக்கு. முகத்துல தெறிச்சிருச்சுப்பா. அங்க பதுளை ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்திருக்காங்களாம்."

கயிறு அவர் முழங்கையிலிருந்து வழுவி, சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. "சுண்ணாம்புக்கு அப்படித்தானேம்மா ஊத்துறோம்" என்று ஒரு தடவை சொன்னார். அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. செருப்பை மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தார். அப்பன் செத்த அன்றும் கடையை ஒழுங்காகப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போன மனுசர், அன்று திறந்த கடையை அப்படியே விட்டுவிட்டுப் போனார். கயிறு வாங்க வந்தவர்தான் பாவம், அவர் திரும்பும்வரை வாசலில் காவல் நின்றார்.

அந்தப் பிள்ளையின் பெயர் நிஷாந்தினி. பதினைந்து வயது. ஆசிரியர் இல்லாத பாடவேளையில் நாலு பிள்ளைகளாகச் சேர்ந்து, கொப்பியைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். இடது கன்னத்திலிருந்து கழுத்துவரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. கண் தப்பியது. கொஞ்சம் மேலே பட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார்கள். அவர் கடையின் பெயரைச் சொன்னதும் அந்தப் பிள்ளை கட்டிலிலிருந்து காலைக் கீழே இறக்கி எழுந்து நிற்கப் பார்த்தது. "அம்மா, கொப்பி முதலாளி வந்திருக்காங்க." தாய்க்காரி ஓடிப்போய் ஸ்டூலைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள்.

அவர் உட்காரவில்லை.

"உங்களுக்கு ஏங்க வீண் அலைச்சல்?" என்றது நிஷாந்தினி. "கொப்பியில சரியாத்தாங்க இருந்திச்சு. நான்தான் அவசரத்துல கூட ஊத்திட்டேன் போல."

"இல்லம்மா. நான் எழுதினதுதான் தப்பு. மாத்தி எழுதிட்டேன்."

"சும்மா சொல்லாதீங்க முதலாளி" என்று பாதி முகத்தால் சிரித்தது பிள்ளை. "உங்களுக்குத் தெரியாததா?"

எத்தனை விதமாகச் சொன்னாலும் அந்தப் பிள்ளை நம்பவில்லை. பிள்ளைமேல் பழி வராமல் இருக்க முதலாளி பெரிய மனசோடு பொய் சொல்கிறார் என்றே தாயும் மகளும் நினைத்தார்கள். தாய்க்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு அவரை அடித்த அடியை வேறு எதுவும் அடிக்கவில்லை. வெறுங்காலோடு ஆஸ்பத்திரி வாசலில் நெடுநேரம் நின்றார். எந்தப் பக்கம் கடை என்பது மறந்துபோனது.

மறுநாள் மேனுஷா வந்தாள். அந்த விடையை அவள் முதல் நாளே அழித்திருந்தாள். இனிக் கடிந்துகொள்ள அவளிடம் தெம்பில்லை. அப்பாவின் பக்கத்தில் அமர்ந்து போனைக் காட்டினாள். யார் எப்போது எதை எழுதினார்கள், யார் எதைத் திருத்தினார்கள் என்று கொப்பி எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது.

"பாருங்கப்பா, பூனாகலை மதுஷான்னு ஒரு பிள்ளை. நான் விட்ட பிழையவே நாலு இடத்துல திருத்தியிருக்கு. மத்த பிள்ளைங்க எழுதினதையும் அங்கங்க திருத்தியிருக்கு. உங்க விடை அறுபது சொச்சம் கிடக்கு. அதுல ஒண்ணுலகூட யாரும் கை வைக்கல."

"அப்ப மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கணும்?"

"நேத்து பாத்ததுலயே ஏழெட்டு தப்பு. இன்னும் எத்தனையோ. பரீட்சைக்கு ஆறு வாரந்தான் இருக்கு. பிள்ளைங்க அதையெல்லாம் பாடமாக்கிக்கிட்டு இருக்காங்க. ஏன் ஒருத்தரும் தொடலன்னுதான் எனக்கு விளங்கல."

வைரவநாதனுக்கும் விளங்கவில்லை. பேனா எல்லார் கையிலும் இருந்ததே?

சனிக்கிழமை மத்தியானம் மதுஷாவே வந்தாள், அம்மா பெரியாயியோடு, படங்கு வாங்க. தாயும் மகளும் வழக்கம்போல் கடைப்படியில் ஏறாமல் தெருவில் நின்றே கேட்டார்கள். படங்கை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்.

"ஏம்மா, அமிலத்தைப் பத்தி நான் எழுதினது தப்புன்னு உனக்குத் தெரியுமா?"

பிள்ளை தாயைப் பார்த்தது. பெரியாயி மகளின் கையைக் கிள்ளினாள். "அதுக்கு என்னங்க தெரியும், சின்னக் கழுத."

"நீ சும்மா இரு பெரியாயி. பிள்ளை சொல்லட்டும்."

"தெரியுங்க" என்றாள் மதுஷா. "எங்க ஸ்கூல் புத்தகத்துல வேற மாதிரி இருந்திச்சுங்க."

"என் மகள் எழுதினதையே திருத்தியிருக்கியே? அவ டீச்சராச்சே?"

"டீச்சர் திருத்தச் சொல்லியிருக்காங்க. நீங்க முதலாளிங்க." அவள் கண் நிறைந்துவிட்டது. "நீங்க எழுதினத நான் எப்படிங்க அழிக்கிறது? அழிக்கத்தாங்க போனேன், ரெண்டு தடவை. கை வரலைங்க. நிஷாந்தினி அக்காவுக்கு இப்படி ஆகும்னு…"

பெரியாயி திடுக்கிட்டு மகளின் வாயைப் பொத்தினாள். "ஏண்டி, முதலாளிகிட்டயா இப்படிப் பேசுற? மன்னிச்சுக்குங்கய்யா, வளர்ப்பு சரியில்ல." பிள்ளையின் தலையைப் பிடித்துக் குனியவைக்கப் பார்த்தாள்.

விடை தெரிந்த பிள்ளை பூனாகலையில் உட்கார்ந்திருக்கிறது, தெரியாத பிள்ளை ஹல்துமுல்லையில் அமிலத்தைக் கையில் எடுக்கிறது. நடுவில் பதுளையில், மூன்று தலைமுறைக் கடையின் பெயரோடு, வைரவநாதன் உட்கார்ந்திருந்தார்.

கல்லாவை விட்டு எழுந்தார். படியிறங்கித் தெருவுக்கு வந்தார். தன் விடைகள் வரிசையாக நிற்கிற பக்கத்தைத் திறந்து, போனை மதுஷாவின் முன்னே நீட்டினார். "எது எது தப்போ எல்லாத்தையும் அழி. யாரையும் கேக்க வேணாம்."

பிள்ளை வாங்கவில்லை. அவரே அவள் கையில் வைத்தார். அவள் போனைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விரல் எழுத்துக்கு மேலே வந்து, அப்படியே அந்தரத்தில் நின்றது. பெரியாயி, "வேணாங்கய்யா, வேணாங்கய்யா" என்று முணுமுணுத்தாள்.

அவருக்கு அப்போது புரிந்தது. இருவருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றார்.

பின்னாலிருந்து, போனில் விரல் தட்டுகிற சத்தம் ஒன்று கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் திரும்பவில்லை.