கேசட்டில் இல்லாத முடிவு

பாட்டு முடியப்போகிற நேரத்தில் அப்பா எழுந்துவிடுவார். இதை மகள் சின்ன வயதிலிருந்தே பார்த்துவந்தாள். அதுவரை கண்ணை மூடி, தொடையில் விரலால் தாளம் போட்டபடி அசையாமல் உட்கார்ந்திருப்பவர், கித்தார் படிப்படியாக மேலே ஏறத் தொடங்கியதும் எங்கிருந்தாவது ஒரு வேலையைக் கண்டுபிடித்துவிடுவார். ஜன்னலைச் சாத்த வேண்டும். வெளியே காயும் துணியை எடுக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் தண்ணீர் குடிக்க வேண்டும். அவர் அடுப்படிக்குள் நுழைவதற்கும் கேசட் 'டக்'கென்று நிற்பதற்கும் சரியாக இருக்கும்.

"அவனுக்குத் தாங்காது பாப்பா. அந்த இடம் வந்தா நெஞ்சை அடைக்கும் அவனுக்கு. எங்க எல்லாரையும் விட அவனுக்குத்தான் இந்தப் பாட்டு ரொம்ப உள்ள போயிருக்கு" என்பார் பைப் மாமா. மகளும் அப்படித்தான் நம்பினாள்.

பைப் மாமா உறவில் மாமா இல்லை. கல்யாணத்துக்கு முன்பு, இரும்புச் சாமான் கடையின் மாடியில் ஓர் அறையை அப்பாவோடு பங்கு போட்டுக்கொண்டவர். பிளம்பர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. ஊருக்கே அவர் பைப்தான்.

அப்பாவுக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து வண்டி வண்டியாக வரும் படுக்கை விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்து மெஷினில் போட வேண்டும். உதறினால் என்னென்னவோ விழும்: மோதிரம், மூக்குக்கண்ணாடி, மாத்திரை அட்டை. எது விழுந்தாலும் உரியவரிடம் சேர்க்காமல் அப்பா சாப்பிட உட்கார மாட்டார். ஒருமுறை பல்செட் ஒன்று விழுந்தது. அதைக் காகிதத்தில் பொதிந்து வார்டு வார்டாகப் போய் விசாரித்தார். ஒரு பெரியவர் வாங்கி, நிதானமாக வாயில் மாட்டி, ரொட்டியைக் கடித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னுது இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாராம். அப்படிப்பட்ட மனிதர். அடுத்தவர் பொருளில் ஒரு நூல்கூட அவர் வீட்டுக்கு வந்ததில்லை.

அந்தப் பாட்டும் சலவைக்கூடத்தில்தான் அவரிடம் வந்து சேர்ந்தது. புது மெஷினைப் பூட்ட எங்கிருந்தோ வந்த ஃபிட்டர், வேலை முடிந்து கிளம்பும்போது அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போன கேசட். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. அது என்ன மொழி என்பது யாருக்கும் தெரியாது. முதலில் ஆர்கன் மட்டும், ஆளில்லாத கூடத்தில் யாரோ நடப்பது போல. பிறகு டிரம்ஸ். அதன் தாளத்துக்குக் காலைத் தட்டினால், தட்டுகிறவன் கால்தான் தடுக்கி விழும். ஏழு ஏழாக எண்ண வேண்டும் என்று கண்டுபிடித்தவர் பைப் மாமா. நடுவில் ஒரு குரல் வந்து ஏதோ கேட்டுவிட்டுப் போகும். பிறகு நெடுநேரம் ஒன்றும் நடக்காது. அதற்கப்புறம் அந்தக் கித்தார், ஒரு படி, இன்னொரு படி, மேலே, மேலே, உச்சிக்கு ஒரு படி கீழே வந்து நிற்கும்போது, டக்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் இதைக் கேட்க அந்த மாடி அறையில் ஒரு கூட்டம் சேர்ந்தது. அப்பாவுக்குக் கல்யாணமானதும் கூட்டம் வீட்டுக்கு இடம் மாறியது. அம்மா மட்டும் அதில் சேரவே இல்லை. "பாத்திரம் உருள்ற சத்தத்துக்கு இத்தனை ஆம்பளைங்க கண்ணை மூடிட்டு உக்காந்திருக்கீங்க. நான் உருட்டினா மட்டும் எரிஞ்சு விழறீங்க" என்பாள்.

அந்த 'டக்'கும் பாட்டில் சேர்த்தி. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசக் கூடாது என்பது கூட்டத்தின் எழுதாத சட்டம். அப்புறம் விளக்கவுரை தொடங்கும். டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துவந்த வாத்தியார் ஒருவர் உண்டு. "சொல்லாம கொள்ளாம நிக்குது பாருங்க, இதுக்குத்தான் தைரியம் வேணும். சின்ன மனுஷன் முடிவு வைப்பான், பெரிய மனுஷன் நிறுத்துவான்" என்பார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

பைப் மாமா தலையாட்டியதோடு நிற்கவில்லை. அவருக்கு ஒரே தம்பி. கட்டட வேலைக்குப் போனவன் சாரம் சரிந்து செத்துப்போனான். கல்யாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுத்திருந்தான். அதை வாங்கக்கூட இல்லை. மாமா பல வாரம் யாரோடும் பேசாமல் கிடந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவராகவே வந்து கேசட்டைப் போடச் சொன்னார். அது நின்றதும் மெதுவாகச் சொன்னாராம்: "பாதியில போயிட்டான், பாதியில போயிட்டான்னு எல்லாரும் அழறாங்க. இந்தப் பாட்டு பாதியிலயா நிக்குது? இல்லையே. இதான் முழுசு. அவனும் அப்படித்தான்டா. அவ்வளவுதான் அவன். முழுசா இருந்துட்டுத்தான் போனான்." மறுநாள் வேலைக்குப் போனார்.

மகள் வளர்ந்து கல்லூரிக்குப் போனாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டம் வாங்கி ஓர் அலுவலகத்தில் சேர்ந்த பிறகு, சாப்பாட்டு இடைவேளையில் ஒருநாள் அப்பாவின் பாட்டை இணையத்தில் தேடினாள். அதற்கென்றே ஒரு பக்கம் இருந்தது. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ரசிகர்கள் எழுதியிருந்தார்கள்: ஒருவர் பிரசவ அறைக்கு வெளியே இதைக் கேட்டிருந்தார், ஒருவர் சிறையில். மாடி அறை இவ்வளவு பெரிதா என்று அவளுக்குப் பூரித்துப்போனது. தன் பங்குக்கு அவளும் எழுதினாள். முடியாமல் நிற்பதுதான் இந்தப் பாட்டின் முடிவு என்று, வாத்தியாரையும் பைப் மாமாவையும் கலந்து, படித்த பெண்ணின் மொழியில் நீளமாக எழுதினாள்.

பதில்கள் வந்தன. எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒருவர் கேட்டார். கடைசி நான்கு நிமிடத்தை நீங்கள் கேட்டதே இல்லையா என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மிகவும் மரியாதையாக, உங்களிடம் இருப்பது உடைந்த பிரதியாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். அவளுக்கு முகம் சுட்டது. மற்றவர்கள் பிறக்கும்போதே முழுசாக வாங்கி வருவது, தன் வீட்டுக்கு மட்டும் அறுந்துதான் வந்து சேருமோ என்று தோன்றியது. அப்பா பாவம், அவருக்கும் தெரியாது, முதலில் அவருக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

சொல்லாமல் ஃபோனில் போட்டுவிட்டாள். அப்பா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கித்தார் ஏறத் தொடங்கியதும் வழக்கம்போல் நகரப் பார்த்தார். 'டக்' வரவில்லை. கித்தார் அந்தக் கடைசிப் படியையும் ஏறியது. ஏழு ஏழாகத் தடுக்கிக்கொண்டிருந்த டிரம்ஸ் மனிதன் நடக்கிற நடைக்கு இறங்கியது. முதலில் கேள்வி கேட்ட குரல் திரும்பி வந்து, அதே வரியை, இந்தமுறை பதில் சொல்வது போலப் பாடியது. ஊரெல்லாம் அலைந்தவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி பாட்டு முடிந்தது.

ஈரச் சட்டை அப்பாவின் கையிலேயே இருந்தது.

"இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றார்.

அப்போதுதான் மகளுக்கு விஷயம் விளங்கியது. சொல்லச் சொல்ல அப்பாவின் குரல் தேய்ந்துகொண்டே போனது. மற்றவர்களுக்குப் போட்டுக்காட்டும் முன்பே, சலவைக்கூடத்தில் தனியாக முழுசாகப் பலமுறை கேட்டிருக்கிறார்; ஒருநாள் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஈரக் கையோடு தவறுதலாகப் பதிவு பட்டனையும் சேர்த்து அமுக்கியிருக்கிறார். கடைசிப் பகுதி முழுவதும் அழிந்து, மெஷின் இரைச்சலும், "வண்டியை இந்தப் பக்கம் தள்ளு" என்கிற அவருடைய குரலும் பதிவாகிவிட்டன. அசிங்கமாக இருக்கிறதே என்று கெட்டுப்போன நாடாவைப் பிளேடால் வெட்டியெடுத்து, முனையை ஒட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை போட்டுவிட்டு, மீதி என் தப்பால் போய்விட்டது என்று சொல்வதற்கு வாயைத் திறந்தார். அதற்குள் வாத்தியார் 'ஆஹா' என்றுவிட்டார். அந்த ஆஹாவுக்கு முன்னால் சொல்லக் கூசியது. அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தார். அடுத்த வாரமும் ஆஹா.

"அவன் தம்பி போனதுக்கப்புறம் எப்படிம்மா சொல்றது? அது வீடு திரும்பற பாட்டு. அவன் வீட்டுக்கு யாரும் திரும்பல. அவன் பிடிச்சுட்டு நின்ன கழியே நான் வெட்டினதுல மிஞ்சின துண்டுன்னு எப்படிச் சொல்றது?"

மகள் கேட்டாள். "அவருக்காகச் சொல்லலையா அப்பா, உங்களுக்காகச் சொல்லலையா?"

கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாமோ என்றும் இருந்தது. அப்பா சட்டையை உதறினார், உள்ளேயிருந்து ஏதாவது விழும் என்பது போல. "ரெண்டும்தான்" என்றார். "ஆனா அவன் வாயால ஒரு தடவை சொல்லணும்ல, உண்மை தெரிஞ்சும் இந்தக் கதை வேணுமா வேணாமான்னு. அதை நான் இத்தனை வருஷமா அவன்கிட்ட கேக்கவே இல்ல. நானே சொல்றேன். நீ சொல்லிடாதே."

அவர் முயலாமல் இல்லை. ஃபோனில் அந்தப் பாட்டை ஏற்றிக்கொண்டு பைப் மாமா வீட்டுக்குப் போவார், வருவார். ஒருநாள் மாமாவுக்குக் காய்ச்சல், ஒருநாள் யாரோ விருந்தாளி, ஒருநாள் மாமா ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். மாமாவாகவே வேறெங்காவது கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. "ஃபோன்ல பாட்டு கேக்கறது பல்லு விளக்கிட்டே சாப்பிடற மாதிரி" என்பது அவர் கொள்கை. அப்பாவின் கேசட்டிலிருந்து எடுத்துக்கொண்ட தன் பிரதி, தன் பழைய டேப், அதோடு சரி. மகளும் முதலில் நச்சரித்தாள், பிறகு விட்டுவிட்டாள். விட்டது பெருந்தன்மையா சோம்பலா என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனைக்கும் அந்த ரசிகர் பக்கத்தில் இப்போது அவளுக்கு நல்ல பெயர். கடைசி நான்கு நிமிடத்தைப் பற்றி அவள் எழுதியதைப் பலர் பாராட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பாராட்டும், பைப் மாமாவின் தட்டிலிருந்து எடுத்துத் தின்றது போல உறுத்தியது.

அப்பா படுத்துக்கொண்டது நுரையீரலால். அதே ஆஸ்பத்திரியில், அவர் துவைத்த விரிப்புகளின் மேலேயே அவரைக் கிடத்தினார்கள். பைப் மாமா வேலை முடிந்து சாயங்காலமானால் தவறாமல் வந்து உட்காருவார். இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் வெளியே இரு என்று ஒருநாள் அப்பா மகளிடம் மூச்சு வாங்கச் சொன்னார். அவள் வராந்தாவில் போய் நின்றாள். அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் கடந்துபோனார். உள்ளே பேச்சு கேட்டது, பிறகு பேச்சில்லை, பிறகு மாமாவின் வெடிச்சிரிப்பு. ஓடிப்போய்ப் பார்த்தாள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பல்செட் கதையைச் சொல்றான் பாப்பா, இந்த நிலமையிலும்." அப்பா மகளைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகும் நாட்கள் கிடைத்தன. அப்பா திடீரென்று போய்விடவில்லை. சொல்வதற்குப் போதுமான காலத்தை எடுத்துக்கொண்டு, சொல்லாமல்தான் போனார்.

சில மாதங்கள் கழித்து அடுப்படித் தொட்டிக்கு அடியில் ஒழுகியது. பைப் மாமா பையோடு வந்தார். தலையும் தோளும் அலமாரிக்குள், கால்கள் வெளியே. மகள் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா கூலியைக் கொண்டுவந்து மேடையில் வைத்தாள்.

"எடுத்து உள்ள வை தங்கச்சி" என்றது அலமாரிக்குள்ளிருந்து வந்த குரல். "இந்த வீட்டுல நான் கை நீட்டக் கூடாது. அந்தப் பாட்டை மட்டும் அவன் எனக்குக் குடுக்கலைன்னா, தம்பியோட நானும் போயிருப்பேன். அவனுக்குப் பட்ட கடனை எதைப் போட்டு அடைப்பேன்?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அப்பால் போனாள். மகளின் சட்டைப்பைக்குள் ஃபோன் இருந்தது. சொல்லாதே என்றவர் இப்போது இல்லை. சொல்கிறேன் என்றவரும் அவர்தான். எந்த வார்த்தையைக் காப்பாற்றுவது?

"மாமா, அந்தப் பாட்டு..."

"என்னம்மா?" மாமா தலையை வெளியே இழுத்து அவளைப் பார்த்தார். புருவத்தில் துரு ஒட்டியிருந்தது. அந்த முகம் எதற்கும் தயாராக இல்லை. அல்லது, எதற்கும் தயாராக இருந்ததோ, அவளுக்குப் படிக்கத் தெரியவில்லை.

"ஒண்ணுமில்ல மாமா. டீ போடவா?"

"போடு. சர்க்கரை கம்மியா."

அவள் திரும்பிப் பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள். கொடுக்க வேண்டியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வாங்க வேண்டியவரோ, தான்தான் கடன்காரன் என்று நம்பிக்கொண்டு, தரையில் சிந்திய தண்ணீரைத் துணியால் ஒற்றியெடுத்துக்கொண்டிருந்தார்.