நான் பார்க்காத முதல் பாகம்

சி.டி. வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்ப்பவருக்குப் படம் பார்க்க நேரம் கிடைக்காது. பார்த்துவிட்டு வந்தவர்களின் முகத்தைப் பார்க்கத்தான் நேரம் சரியாக இருக்கும். தான் செய்யாத பொருளுக்காகக் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று திட்டு வாங்கிய எல்லோருக்கும் என் நிலைமை புரியும்.

ஒரு மாத அவகாசம்

2004-இல் பட்டப்படிப்பை முடித்த கையோடு அரியலூரில் அந்தக் கடையில் சேர்ந்தேன். எனக்குக் கூச்ச சுபாவம். யாராவது உள்ளே வந்தால் நோட்டைத் திறந்துவைத்து அதில் எதையோ தேடுவேன். கடை முதலாளி பாஸ்கர் அண்ணன் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சி.டி.யை எடுத்து என் முன்னால் போட்டார். தமிழில் பேசவைத்த ஆங்கிலப் படம். அட்டையில் கத்தியோடு ஒரு பெண், பக்கத்தில் பெரிதாக 2. ஒரே அறையில் தங்கும் இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளைப் போலவே உடுத்தி, முடி வெட்டி, அவளிடம் யார் நெருங்கினாலும் தீர்த்துக்கட்டுவாள். செலவில்லாமல் எடுத்த படம். வீடே மொத்தம் இரண்டு அறைதான்.

இந்த வேலை போனால் நான் விக்கிரமங்கலத்தில் வீட்டோடு உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் அடுத்த முகூர்த்தத்திலேயே எழுப்பி மணமேடையில் உட்கார வைத்துவிடுவார்கள். அது தெரிந்தோ தெரியாமலோ அண்ணன் சொன்னார்: "மூணு மாசமா இது அலமாரிய விட்டு நகரல. மாசக் கடைசிக்குள்ள நீ பேசி இதை வெளிய அனுப்பு. இல்லன்னா நீ வெளிய போயிடு."

ஒன்று எங்கே?

மூன்று மதியங்களில் கடை டி.வி.யிலேயே படத்தைத் துண்டு துண்டாகப் பார்த்து முடித்தேன். நான்காம் நாள் சுமதி அக்கா வந்தார். வாரம் இரண்டு படம் எடுப்பவர். மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டுன்னு போட்டிருக்கு. ஒண்ணு எங்க?"

முதல் பாகம் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை. அந்த உண்மையைச் சொன்னால் அவர் படத்தை வைத்துவிட்டுப் போய்விடுவார். "முதல் பாகத்துல இந்தப் பொண்ணுக்கு ஒரு அக்கா இருந்தாங்க. அவங்க செத்துப் போயிட்டாங்க. அதுலேர்ந்துதான் கூட இருக்குறவங்கள விடவே மாட்டேங்குது" என்றேன். எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. சுமதி அக்கா உச்சுக் கொட்டினார்.

"அடப்பாவமே, அதான் புத்தி கெட்டுப்போச்சா? குடு, ராவைக்கே பாத்துடறேன்."

இரண்டு முதல் பாகங்கள்

அதன்பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல வாய் பழகியது. கதையும் அதன்பாட்டுக்கு மாறியது. கல்லங்குறிச்சியிலிருந்து வந்த ஒரு அம்மாவிடம், அக்கா கல்யாணம் பண்ணிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டாள் என்றேன். அவரைப் பார்த்தால் சாவுக்கதை தாங்கமாட்டார் போலத் தோன்றியது.

அந்த அம்மா சுமதி அக்காவின் அண்ணி. மறுவாரம் இருவரும் சேர்ந்து வந்து கவுன்ட்டரில் கையை ஊன்றி நின்றார்கள். நான் நோட்டைத் தேடினேன். சுமதி அக்கா அதை எடுத்து மூடிவைத்தார்.

"ஏம்மா, ஒண்ணு அவளக் கொல்லு, இல்ல கட்டிக்குடு. ரெண்டையும் பண்ணாத."

ஹாஸ்டல் பெண்கள்

அன்று மாலையே ஒரு முழுத்தாளில் முதல் பாகத்தைத் தெளிவாக எழுதி, சி.டி. உறைக்குள் மடித்து வைத்தேன். அக்காவுக்குக் கல்யாணம் ஆனதாக முடிவுசெய்தேன். போகும்போது அவள் விட்டுப்போன சுடிதாரைத் தங்கை போட்டுப் பார்க்கும் இடத்தில் முதல் பாகம் முடிந்தது. வேலை நிலைக்கவேண்டும் என்று எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது முறை அடித்துத் திருத்தியபோது அந்தத் தங்கைக்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் எடுத்துப்போனவர்கள் மூன்று கல்லூரி ஹாஸ்டல் பெண்கள். திருப்பித் தர ஒருத்தி மட்டும் வந்தாள்.

"அக்கா, ஒரு வருசமா கேட்டும் தராத என் ரூம்மேட், தாளைப் படிச்சு படத்தையும் பாத்துட்டு என் சுடிதார் நாலையும் தொவைச்சு, அயர்ன் பண்ணிக் குடுத்துட்டாக்கா!"

பெரம்பலூரிலிருந்து வந்தது

சி.டி. அலமாரியில் தங்காமல் சுற்றுவதைப் பார்த்த பாஸ்கர் அண்ணன், பெரம்பலூர் போனபோது தேடிப்பிடித்து நிஜமான முதல் பாகத்தை வாங்கிவந்துவிட்டார். நான் பார்ப்பதற்குள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இரண்டையும் சேர்த்து எடுத்துப் போய்விட்டார். மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் காலை அவர் வந்தபோது அண்ணனும் கடையில் இருந்தார். சார் என் தாளை விரித்துக் கவுன்ட்டரில் வைத்தார். "பாஸ்கர், முதல் பாகத்துல அக்காவே கிடையாது. ஊரு வேற, ஆளுங்க வேற. ரெண்டுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. இதை எழுதினது யாரு?"

நோட்டு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. எழுந்து நின்றேன். "நான்தான் சார். முதல் பாகத்தை நான் பாக்கல. ஆனா இந்தப் பொண்ணு ஏன் இப்படி ஆச்சுன்னு ரெண்டாம் பாகத்துல யாருமே சொல்லல. யாராவது சொல்லணும்னு எழுதினேன்." வெளியே ஜெயங்கொண்டம் பஸ் நின்று கிளம்பும் சத்தத்தையும் மீறி என் குரல் எனக்கே கேட்டது.

"ஒரு மாசமா வாயத் தொற, வாயத் தொறன்னா, தொறந்த வாயில இத்தனை பொய்யா?" என்றார் அண்ணன். சார் அவரைக் கையமர்த்திவிட்டு, புது சி.டி.யை அவர் பக்கம் தள்ளினார்.

"பொய்யோ மெய்யோ, இந்தப் படத்தை நீயே வச்சுக்க பாஸ்கர். அந்தத் தாளை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடு, வூட்டுல இன்னொரு தடவை படிக்கணும்ங்கறாங்க."

அண்ணன் பத்துப் பிரதி எடுத்துவரச் சொல்லி என்னையே ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினார். ஆக, வாடிக்கையாளரிடம் கூச்சமில்லாமல் உண்மை பேச எனக்கு ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது, அதுவும் அத்தனை பேரிடமும் பொய் சொல்லி முடித்த பிறகுதான்.