அண்ணிக்கு மட்டும் திறந்த வாய்

நீலக்கரை போட்ட பீங்கான் கோப்பையில் கஞ்சி. அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சேலையூரில் அண்ணன் வீட்டு முன்னறை அது. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டுவதற்காகத்தான், நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் விட்டதும் குரோம்பேட்டையில் ரயிலேறி, தாம்பரத்தில் இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தேன். பெற்ற மகள் நான். அண்ணி வந்து என் கையிலிருந்து கோப்பையை வாங்கினாள். அம்மா சமர்த்தாக வாயைத் திறந்தாள்.

பொறாமை என்றால் சாதாரணப் பொறாமை இல்லை, வயிறு பற்றி எரிந்தது. எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் என் ஜெபத்துக்குத் தனி மதிப்பு உண்டு. நான் கண்ணை மூடி ஆரம்பித்தால் நாலு பேராவது முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். அண்ணிக்கு ‘ஆமென்’ தவிர ஒன்றும் வராது. அவள் பீ, மூத்திரம் அள்ளுவாள், துணி அலசுவாள், அம்மா கோபித்தால் சிரிப்பாள். ஆனால் பார்க்க வருகிற சபையார் எல்லாரும் அவளைத்தான் கொண்டாடினார்கள். “உங்க அண்ணி பரிசுத்தவாட்டிம்மா” என்று எங்கள் போதகர் ஐயரின் மனைவி, ஐயரம்மா, என்னிடமே சொன்னார். சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது?

அப்படியிருக்க, ஒரு மாதத்தின் முதல் ஞாயிறு, கோயிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்தபோது அண்ணி மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த மாதமும் அப்படியே. மனதில் பாவத்தோடு அதை வாங்கக் கூடாது என்பார்கள்; திடப்படுத்தல் பெற்று அதற்குத் தகுதியானவள், காரணமில்லாமல் பின்வாங்குவாளா? கோயில் வாசல் வேப்பமரத்தடியில் பேச்சுக் கிளம்பியது. “என்ன பாவமோ, யாரு கண்டா?” என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சர்க்கரைப் பொங்கல்தான். பரிசுத்தவாட்டியின் வண்டவாளம் வெளியே வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பொறுக்கமாட்டாமல் சமையலறையில் மடக்கிக் கேட்டுவிட்டேன்.

“ஏன் அண்ணி, திருவிருந்துக்கு எழுந்து வர மாட்டேங்கிறீங்க?”

அண்ணி அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். “உன்மேல எனக்குப் பொறாமைம்மா. அதை வச்சுக்கிட்டு எப்படிக் கையை நீட்டறது?”

“என்மேலயா? எதுக்கு?” என்றேன்.

“உன் கையால அத்தை ஏன் சாப்பிடமாட்டேங்கறாங்கன்னு நெனைக்கிறே? வாய் கோணி வழியறதை நீ பார்த்துடுவியேன்னு வெட்கம். நீ வர்ற நேரமானா தலை வாரிவிடச் சொல்லி ஜாடை காட்டுவாங்க. நீ போனப்புறம் வாசல் கேட்டையே பார்த்துக்கிட்டுக் கிடப்பாங்க. எங்கிட்ட அவங்களுக்கு வெட்கமே இல்லை. வெட்கப்படற அளவுக்கு என்மேல ஆசை இல்லை. எவ்வளவு அள்ளிப் போட்டாலும் நான் மருமகதானே?” சொல்லிவிட்டு முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அம்மா என்னைத்தான் நேசித்தாள் என்று தெரிந்த சந்தோஷத்தைக்கூட நான் முழுதாக அனுபவிக்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. அவள் அதோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் அதோடு மாதாமாதம் முன்னே போய் முழங்கால்படியிட்டு வந்தேன். இதிலும் என்னை முந்திவிட்டாளே என்றுதான் எரிச்சல் வந்தது. அடுத்த முதல் ஞாயிறு நானும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். “எழுந்து போம்மா, எல்லாரும் பார்க்கறாங்க” என்று கிசுகிசுத்தாள். “நீங்க வந்தா வர்றேன்” என்றேன். ஐயர் அப்பத்தோடு காத்திருந்தார். கடைசியில் இருவரும் சேர்ந்தே போனோம்.

அம்மா இறந்து, பல வருஷம் கழித்து அண்ணியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கோயிலை இடித்துப் பெரிதாகக் கட்டி, மூலைக்கு மூலை ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். அண்ணியைப் பற்றிச் சின்னவர்களுக்குச் சொல்லச் சபையாரிடம் ஆளுக்கொரு கதை இருக்கிறது. அவளைத் தங்களுக்கே சொந்தம்போல அவர்கள் பேசும்போது, சமையலறையில் அவள் சொன்னதை மட்டும் நான் சொன்னதில்லை. அது அவள் எனக்கு மட்டும் தந்தது. இன்று எழுதிவிட்டேன். எழுதிய கையோடு, ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டோமே என்று வயிறு எரிகிறது.