நெய் வரிசையில் கிடைத்த படிப்பு

சில வருடங்களுக்கு முன்பு திருப்பதியில் ஒரு கல்லூரியில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் ஆளுக்கொரு சிறப்புப் பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். டேட்டா அனலிடிக்ஸ், சப்ளை செயின், எர்கனாமிக்ஸ் என்று மூன்று இருந்தன. முதல் இரண்டுக்கும் அடிதடி. வேலை செய்கிறவரின் உடம்புக்கும் பழக்கத்துக்கும் ஏற்றபடி வேலையை அமைக்கச் சொல்லித்தரும் அந்த மூன்றாவதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கோ அதுதான் வேண்டும்.

எங்கள் வீடு நகரியில், விசைத்தறி வீடு. அம்மா குனிந்து குனிந்து நூல் சுற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வார். இரண்டாம் ஆண்டு ஆய்வகத்தில், ஆளின் உயரத்துக்கு ஏற்ப மேசையை ஏற்றி இறக்கிப் பார்க்கும் பயிற்சி ஒன்று வந்தது. இதற்கெல்லாம்கூட ஒரு படிப்பு இருக்கிறதா என்று வாயைப் பிளந்தேன். அன்றே முடிவு செய்துவிட்டேன்.

போனில் சொன்னதும் நைனாவுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாமா இது? ஊரே கம்ப்யூட்டர் பக்கம் போய்க்கினு இருக்குது. மேசை நாற்காலி சரிபண்ற படிப்புக்கு யார்மா வேலை குடுப்பாங்க?"

நைனாவையாவது கெஞ்சிக் கொஞ்சிச் சமாளிக்கலாம். துறைத்தலைவர் குண்டையே தூக்கிப் போட்டார். பதினைந்து பேராவது சேராவிட்டால் அந்தப் பிரிவு கிடையாதாம். வெள்ளிக்கிழமைக்குள் ஆள் கொண்டுவந்தால் தானே பாடம் எடுப்பதாகவும் சொன்னார். ஓட்டுக் கேட்பதுபோல விடுதியில் அறை அறையாக ஏறி இறங்கினேன். சிரித்து அனுப்பினார்களே தவிர ஒருத்தியும் சிக்கவில்லை. என் அறைத்தோழிகூடக் கைவிரித்தாள். காளஹஸ்திக்காரி, தெலுங்குப் பெண், என்னோடு பழகித் தமிழ் கற்றவள்.

மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது அவளே என்னைச் சீண்டினாள். "ஏமே, இந்த லைனை சரி பண்ணு பாப்போம். அப்போ சேர்றேன்."

எங்கள் மெஸ் வரிசை அப்படிப்பட்டது. உள்ளே நுழைவதற்குள் மணி அடித்துவிடும். பாதிப் பேர் அள்ளிப் போட்டுக்கொண்டு வகுப்புக்கு ஓடுவோம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பண்ணிட்டா நீ மட்டும் இல்ல, இங்க நிக்கிற நம்ம கிளாஸ் பொண்ணுங்க அத்தனை பேரும் சேரணும்" என்று கத்தியே சொல்லிவிட்டேன். வரிசை மொத்தமும் ஓவென்று கூவி ஒப்புக்கொண்டது.

வரிசை எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. சோறு வாங்கியதும் பருப்புப்பொடி, அடுத்து நெய். நெய் ஊற்றும் அம்மா முன்னால் ஒவ்வொருத்தியும் தட்டை நீட்டி "இன்கா கொஞ்சம்" என்று கெஞ்சுவாள். அந்த அம்மா முறைப்பார். பின்னால் வாசல்வரை தேங்கும். மெஸ் மேற்பார்வையாளர் அம்மாவைக் காக்கா பிடித்து, நெய்ப் பாத்திரத்தை வரிசையின் கடைசிக்கு, தயிருக்கும் அப்பால் கொண்டுபோய் வைத்தேன். இனி தண்ணீராய் ஓடும் என்று மார்தட்டிக்கொண்டு நின்றேன்.

நடந்தது வேறு. சோறும் பொடியும் வாங்கியவர்கள் நேரே கடைசிக்கு ஓடினார்கள். நெய் வாங்கிக்கொண்டு, பப்புக்காக, அதாவது கடைந்த பருப்புக்காக, எதிர்த்திசையில் திரும்பி வந்தார்கள். எங்கள் வீட்டில் குழம்பில்தான் சாப்பாடு தொடங்கும், அதனால் எனக்கு உறைக்கவே இல்லை. அவர்களுக்கோ முதல் கவளம் பொடியும் நெய்யும்தான். நெய் விழாத சோற்றின்மேல் யாரும் பப்பு வாங்குவதாக இல்லை. போகிறவர்களும் வருகிறவர்களும் மோதி, ஒருத்தியின் ரசம் இன்னொருத்தியின் துப்பட்டாவில் கொட்டியது. "நெய்யி எக்கட?" என்று நாலா பக்கமும் கூச்சல். மேற்பார்வையாளர் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கிப் போனேன்.

அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தேன். தோழிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"பாத்திரத்தை நகத்தினியே, துன்றவங்களைப் பாத்தியா? எங்க கல்யாணத்துல நெய்க்காக எவராச்சும் எழுந்து போவாங்களா? நெய்தான் ஆளைத் தேடி வரும்."

சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன். அதுதானே!

மறுநாள் மேற்பார்வையாளர் அம்மாவின் காலைப் பிடிக்காத குறை. இன்னும் ஒரே ஒரு நாள் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். நெய்யை வரிசையிலிருந்தே எடுத்துவிட்டோம். சோறு, பொடி, பப்பு, மற்றதெல்லாம் தட்டின் தனித்தனிக் குழிகளில் வாங்கிக்கொண்டு போய் உட்கார வேண்டியது. நெய்க்கார அம்மா தூக்குப்பாத்திரத்தோடு மேசை மேசையாக வருவார். தரையில் இருந்த சாம்பார் அண்டாவை ஒரு பெஞ்சின்மேல் ஏற்றினேன். பரிமாறுகிறவர் ஒவ்வொரு கரண்டிக்கும் குனிய வேண்டாமே!

வரிசை நகர்ந்தது. நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. "நின்னுக்கினே இருந்தா காலு மரத்துப்பூடும், இது எவ்ளோ தேவலை" என்று நெய்க்கார அம்மா சொல்லிக்கொண்டே போனார். நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றேன். வழக்கமாகப் பாதிக் கூட்டம் வெயிலில் நிற்கும் நேரத்தில் வாசலில் ஒருத்தியும் இல்லை. எல்லோரும் உள்ளே, உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருத்தி டம்ளரால் மேசையைத் தட்ட ஆரம்பித்தாள். அடுத்த நிமிடம் கூடம் முழுக்க ஒரே தாளம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்று ஊற்றிய நெய்யில் என் பங்கு மட்டும் கொஞ்சம் அதிகம், அந்த அம்மாவே பார்த்து ஊற்றியது.

வெள்ளிக்கிழமை துறைத்தலைவர் அறைக்கு வெளியே கூட்டம். முதலில் நின்றவள் என் தோழி. சொன்ன வாக்கை ஒருத்தியும் மீறவில்லை. கதை கேள்விப்பட்டு இரண்டு மூன்று பையன்கள்கூட வந்திருந்தார்கள். முதல் வகுப்புக்கு நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து இழுத்து வந்தோம்.

நைனா மட்டும் போனில் பிடி கொடுக்கவில்லை; அம்மாவிடம்தான் கதை முழுவதும் சொல்லியிருந்தேன். சங்கராந்தி விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வந்து நின்றார்.

"அந்தச் சாம்பார் அண்டாவைத் தூக்கி வெச்சியாமே. உங்க அம்மா நூல் சுத்தற எடத்தையும் வந்து பாரும்மா. ஆசாரிகிட்ட சொல்லிட்டேன், நீ உயரம் சொன்னா மேசை அடிச்சிக் குடுத்துடுவாரு."

தோளை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். டேப்பை எடுக்கப் போன கை தானாக நின்றது. "முதல்ல நீ எப்பவும்போல சுத்தும்மா, நான் பாக்கறேன்" என்றேன் அம்மாவிடம்.

இன்று சத்தியவேடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் இதே வேலைதான் பார்க்கிறேன். எந்த இயந்திரத்தை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போதும், அங்கே நிற்கப்போகிறவர் முதல் கவளத்தை எப்படிச் சாப்பிடுகிறவர் என்று தெரிந்துகொள்ளாமல் நான் ஒரு கோடுகூட இழுப்பதில்லை.