ஞாயிற்றுக்கிழமைக் காய்ச்சல்

மோத்ரியாவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரியின் பாலை விரலில் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டுத்தான் பாத்திரத்தை நீட்டுவாள். பேருந்து தினமும் திரும்பும் தெருவில் திரும்பினாலும் ஓட்டுநரிடம் "எங்க போற?" என்று ஒரு வார்த்தை கேட்டு வைப்பாள். யாரிவ்கா ஊரில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் எரிச்சல். மீதிப் பேர் சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர்கள், அவர்களுக்குப் பயம்.

ஆலை வாசலில் சோதனை போடுவது அவள்தான். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களின் பூட்ஸுக்குள்ளிருந்து, உள்பாவாடை மடிப்பிலிருந்து, ஒருமுறை ஒரு கணக்குப்பிள்ளையின் குடைக்குள்ளிருந்தும் சர்க்கரை எடுத்திருக்கிறாள். "பதறுறவன்கிட்ட ஒண்ணும் இருக்காது. ரொம்ப இயல்பா நடந்து வர்றான் பாரு, அவனை நிறுத்து" என்று புதிதாகச் சேர்ந்தவளுக்குச் சொல்லிக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் அதே கண்ணோடு ஜெப வீட்டுக்குப் போய், கதவை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, உள்ளே வருகிறவர்களை ஏற இறங்கப் பார்ப்பாள். யாரும் அவளை அங்கே உட்காரச் சொல்லவில்லை. எழுந்திருக்கச் சொல்லவும் எவருக்கும் தைரியம் வரவில்லை.

ஒருமுறை மூப்பர் சவாத்தி பிரசங்கத்தில், சபை என்பது ஒரே உடம்பு, அதில் ஒருவர் கை, ஒருவர் கால், வேண்டாத உறுப்பு என்று ஒன்றும் கிடையாது என்று உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து தோதோஸ், "அப்போ நம்ம மோத்ரியா அக்கா என்னண்ணே, மூக்கா?" என்றான். பெண்கள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சிரிங்க, நல்லா சிரிங்க" என்றாள் மோத்ரியா உட்கார்ந்த இடத்திலிருந்தே. "மூக்கு இல்லாட்டி அழுகின மீனைத் தின்னுட்டு எல்லாரும் ஒண்ணாப் போய்ச் சேருவீங்க."

அந்தச் சபைக்கு லவ்ரின் வந்து சேர்ந்தான். நாற்பது வயது, மழமழவென்று வழுக்கை, ரேடியோ பழுது பார்க்கிற வேலை. வாயைத் திறந்தால் சுவரே அதிரும்படி கனத்த குரல். சபையில் அடிக்குரல் பாட ஆளில்லாமல் பாட்டெல்லாம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. முதல் ஞாயிறே அவன் பாடக் கேட்டு சவாத்தியின் மனைவி அழுதுவிட்டாள். அடுத்த மாதமே யார் வீட்டு ரேடியோ கெட்டாலும், அடுப்புப் புகைக்குழாய் அடைத்தாலும் லவ்ரின்தான். கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பான்.

"சும்மா வேலை செஞ்சு தர்றவனைத்தான் நான் முதல்ல தடவிப் பார்ப்பேன்" என்றாள் மோத்ரியா. அடுத்த வருஷக் கோடையில் அவனுக்கு ஆற்றில் ஞானஸ்நானம் கொடுக்கச் சபையின் சம்மதம் கேட்டபோது அவள் ஒருத்திதான் கை தூக்கவில்லை. ஜெபத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது அவன் மட்டும் கண்ணைத் திறந்து ஆட்களை எண்ணுகிறான் என்று மூப்பரிடம் போய்ச் சொன்னாள்.

"அது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் சவாத்தி.

"நான் வாசல்ல இருக்கிறவ. என்னை விடுங்க."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு சவாத்தி வீட்டில் பிள்ளைகளை மட்டும் கூட்டி, கசகசாவும் தேனும் போட்ட கோதுமைக் கஞ்சி கொடுத்து, பாட்டுச் சொல்லித் தந்தார்கள். கடவுளே இல்லை என்கிற அரசாங்கம் அது; பிள்ளைகளை ஜெபத்துக்குக் கூட்டுவது சட்டப்படி குற்றம். அதனால் சபையாரைத் தவிர வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை. இரண்டாவது பாட்டு முடியுமுன் போலீஸ் வந்துவிட்டது. அக்கார்டியனையும் கையால் எழுதிய பாட்டுகளையும் அள்ளிக்கொண்டு போனார்கள். சவாத்தியை இரண்டு வாரம் உள்ளே வைத்தார்கள். தோதோஸின் மகளைப் பள்ளிக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் மேடையில் நிறுத்தி, கடவுள் இல்லை என்று சொல்ல வைத்தார்கள். அந்தப் பிள்ளை ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேசவில்லை.

யார் சொன்னது? ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள், பிறகு பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். மோத்ரியா விடவில்லை. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை லவ்ரின் சந்தையடி முடிதிருத்தகத்துக்குள் போவதைக் கண்டுபிடித்தாள். தலையில் ஒரு மயிர் இல்லாதவனுக்கு அங்கே என்ன வேலை? கடைக்குப் பின்கதவு ஒன்று உண்டு, அது மாவட்ட உளவுப் போலீஸ் அலுவலகத்தின் முற்றத்தில் திறக்கும். தான் நினைத்தது சரியாகப் போனதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான் இருந்தது. அதை அவளே பிறகு ஒப்புக்கொண்டாள்.

சவாத்தியிடம் மட்டும் முதலில் சொல்லி வைத்துவிட்டு, அடுத்த சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று போட்டு உடைத்துவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். அதற்குள் சபையைச் சேர்ந்த கிழவி ஹிம்கா இறந்துபோனாள். அடக்கம் முடிந்த கையோடு சவாத்தி மோத்ரியாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வர்ற ஞாயிறு மத விவகார அதிகாரி வர்றாராம். ஆள் கணக்கு எடுக்க."

மோத்ரியாவுக்குப் புரிந்துவிட்டது. இருபது பேர் இருந்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது சபை. பத்தொன்பது என்றால் ஜெப வீட்டுக்குப் பூட்டு. வீட்டை விதைக் கிட்டங்கியாக ஆக்கப்போகிறார்கள் என்று ஊரில் பேச்சு ஏற்கெனவே அடிபட்டது. ஹிம்கா போனபின் சபையில் மிச்சம் சரியாக இருபது. லவ்ரினையும் சேர்த்து.

"அண்ணே, சீழ் பிடிச்ச விரலை வெட்டுவாங்களா, மோதிரம் போட்டுப் பார்ப்பாங்களா?"

"வெட்டினா ஜெப வீடு போயிடும் மோத்ரியா."

"அவன் இருந்தாலும் போயிடும். அன்னிக்கு அவன் வர மாட்டான், பாருங்க. அதுக்குத்தானே அவனை அனுப்பியிருக்காங்க."

"நீ பார்த்தது ஒரு ஆள் சவரக்கடைக்குப் போனதை" என்றார் சவாத்தி களைப்போடு. "ஜெபம் பண்ணுவோம்."

"பண்ணுங்க, பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அவள் வியாழக்கிழமை சந்தைக்குப் போனாள். முடிதிருத்தகத்துக்கு எதிரே, ஊறுகாய் முட்டைக்கோஸ் விற்கிறவளின் பீப்பாய் பக்கத்தில் நின்றுகொண்டாள். மத்தியானம் லவ்ரின் வெளியே வந்தான்.

"முடி வெட்டிக்கிட்டியா?"

அவன் அவசரமாகத் தொப்பியைத் தலையில் கவிழ்த்தான். "சவரம் பண்ணிக்கலாம்னு வந்தேன்கா."

"பண்ணிக்கிட்டியா?"

கன்னத்தைத் தடவினான். மூன்று நாள் தாடி சொரசொரவென்று அப்படியே இருந்தது. "கூட்டமா இருக்கு."

"ஈ காக்கா இல்ல உள்ள. நான் ஜன்னல் வழியா பார்த்துட்டுத்தான் நிக்கிறேன். பின்கதவு எங்க போகுதுன்னும் தெரியும். கதை விடாத."

லவ்ரின் அவளை நெருங்கி வந்தான். பிறகு தணிந்த குரலில், "அக்கா, ஞாயித்துக்கிழமை என்னால வர முடியாது. காய்ச்சல்" என்றான்.

"இன்னிக்கு வியாழன்."

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை வரப்போற காய்ச்சல் இன்னிக்கே வந்து சொல்லிட்டுப் போச்சா? எத்தனை டிகிரின்னும் முடிவாயிடுச்சா?"

"முப்பத்தெட்டரை" என்றான் அவன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "மருத்துவச் சான்றுகூடக் கொடுத்துட்டாங்க."

ஆலை வாசலில் எத்தனையோ பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறாள். பிடிபட்டவன் ஒன்று அழுவான், இல்லை திட்டுவான். இவன் இரண்டும் செய்யவில்லை. அவளுக்குக் கை பரபரத்தது, அறைந்துவிடலாமா என்றுகூட இருந்தது.

"எதைக் காட்டி உன்னைப் பிடிச்சு வச்சிருக்காங்க? சொல்லித் தொலை."

"பொண்ணு. வின்னித்சாவுல மருத்துவம் படிக்கிறா. கடைசி வருஷம்." தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டான்.

அவள் வீட்டுக்கு வந்து, வாங்கி வந்த ஹெர்ரிங் மீனை மேஜையில் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூப்பரிடம் சொல்லலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது? இருபதாவது ஆளை எங்கே போய்ப் பிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை அதிகாரி வந்தார். நல்ல கோட்டு, நல்ல மரியாதை. முன்பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்தார்கள். கால் வராத வர்வாராவை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். காது கேட்காத ஒனுஃப்ரியை விலாவில் குத்தி எழுப்பினார்கள். சபைக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை என்று ஊர் நினைத்த கிழடுகளெல்லாம் அன்றைக்குச் சிப்பாய் மாதிரி நின்றன. மோத்ரியா கடைசியாக எழுந்து, "இருக்கேன்" என்றாள்.

"பத்தொன்பது" என்றார் அதிகாரி. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. மோத்ரியா அதைக் கவனித்தாள். "லவ்ரின்னு ஒருத்தர்..."

"வருவார் தோழர், கொஞ்சம் பொறுங்க" என்றார் சவாத்தி.

"உடம்பு சரியில்லாம இருக்கலாம். நான் என்ன செய்ய முடியும், சட்டம்." அதிகாரி பேனா மூடியைத் திருகினார்.

கதவு திறந்தது. குளிர்காற்றோடு லவ்ரின் உள்ளே வந்தான். கழுத்தைச் சுற்றித் தடிமனான கம்பளித் துணி. அதிகாரியின் கை அப்படியே நின்றது.

"உங்களுக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டேன்" என்றார் மெதுவாக. "வீட்டுக்குப் போய்ப் படுங்க. உடம்பைக் கெடுத்துக்காதீங்க. உங்களை நம்பி ஆள் இருக்காங்க இல்ல?"

"இருக்காங்க" என்றான் லவ்ரின்.

"யோசிச்சுப் பேசுங்க."

"மூணு நாளா அதைத்தான் பண்ணிட்டிருந்தேன். நான் இந்தச் சபை ஆளு. இருக்கேன்."

அதிகாரி இருபது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். கார் சத்தம் அடங்கியதும் ஜெப வீடே பொங்கிவிட்டது. காய்ச்சலோடு எழுந்து வந்தாரே மனுஷன் என்று பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி ராஸ்பெரி ஜாம் கரைத்த சூடான தேநீரை அவன் கையில் திணித்தாள். சவாத்தியின் மனைவி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "சூடே இல்லையே, ஆண்டவர் தொட்டுச் சுகமாக்கிட்டார்!" என்று கையைத் தட்டினாள்.

மோத்ரியாவால் தாங்க முடியவில்லை. அந்தக் கதவைத் திறந்து வந்ததில் அவன் எதை இழந்துவிட்டு நிற்கிறான் என்பது இத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவனை நல்லவன் என்று நம்பியவர்களுக்கு அது தெரியவே வழியில்லை.

லவ்ரின் தேநீர்க் கோப்பையைப் பெஞ்சில் வைத்தான். "எனக்குக் காய்ச்சலே இல்ல. பிள்ளைங்க கூடினதைச் சொன்னது நான்தான். ரெண்டு வருஷமா எல்லாத்தையும் சொன்னது நான்தான்."

சவாத்தி மெல்ல உட்கார்ந்தார். தோதோஸ்தான் முதலில் எழுந்தான்.

"என் பொண்ணை மேடையில ஏத்துனது நீயா? நீ ரிப்பேர் பண்ண ரேடியோ இன்னும் எங்க வீட்டுல பாடிட்டிருக்குடா! வெளிய போ!" மூப்பர் பக்கம் திரும்பினான். "நீக்குங்க இவனை. சபை போனாலும் போகட்டும்."

அவர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் மோத்ரியாவைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். ஞானஸ்நானத்துக்கே கை தூக்காதவள், இப்போது என்ன சொல்வாள் என்று தெரிந்ததுதானே?

"எங்கப்பாவை அந்தக் காலத்துல ஒருத்தன் காட்டிக்கொடுத்தான்" என்றாள் மோத்ரியா. இதுவரை அந்தச் சபையில் அவள் அதைச் சொன்னதே இல்லை. "எங்க மேஜையில உட்கார்ந்து சாப்பிட்டவன்தான் எவனோ. அப்பா திரும்பி வரல. அன்னையிலேர்ந்து பார்க்கிற மூஞ்சியிலெல்லாம் அவனைத் தேடிட்டிருக்கேன், பைத்தியக்காரி மாதிரி. ஒருத்தனும் வந்து நான்தான்னு சொல்லல. இவன் சொல்லிட்டான்."

"அதுக்காக நம்பிடறதா?" என்று கத்தினான் தோதோஸ்.

"எவடா நம்பச் சொன்னா? நான் இவனை நம்பல. நாளைக்கும் நம்ப மாட்டேன், பக்கத்துலயே உட்கார வச்சுப் பார்த்துக்கிட்டேதான் இருப்பேன். ஆனா இவன் நம்ம ஆளு." லவ்ரின் பக்கம் திரும்பினாள். "உன் பொண்ணு பேரென்ன?"

"சொலோமியா."

"கேட்டுக்கங்க எல்லாரும். அந்தப் பொண்ணு டாக்டருக்குப் படிக்குது, கடைசி வருஷம். இவன் கதவைத் திறந்துட்டு உள்ள வந்தான் இல்ல, அதோட அந்தப் படிப்பு போச்சு. அவளுக்கு இன்னும் தெரியாது. நீங்க உட்கார்ந்திருக்கீங்களே இந்த பெஞ்சு, இதுக்கு அவதான் விலை கொடுத்திருக்கா." குரல் உடைந்தது. அவளுக்கு அதில் ஆத்திரம் வந்தது. "என்ன பார்த்துட்டு நிக்கிறீங்க? அந்தப் பிள்ளைக்காக முழங்கால் போடுங்க."

வர்வாராவை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். சவாத்தி இறங்கினார். ஒனுஃப்ரி எதற்கென்று தெரியாமலே இறங்கினார். தோதோஸ் முஷ்டியை மடக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றான், பிறகு லவ்ரினுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தில் அவனும் முழங்கால் போட்டான்.