சரிகையை உள்ளே மடித்தேன்

என் மருமகளுக்குச் சென்னை வேலை கிடைக்காமல் போனதற்கு நான்தான் காரணம். வீட்டில் யாரும் இதை என் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. அதனால் நானே எழுதி வைக்கிறேன்.

அவள் கம்ப்யூட்டரில் புடவைகளுக்கு டிசைன் போடுபவள். ஒரு பெரிய துணி நிறுவனம் ஆள் எடுக்கிறது என்று தெரிந்ததும், தான் போட்டதையெல்லாம் சேர்த்து ஒரு வலைதளம் செய்தாள். திறந்தால் மடித்த புடவைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் முந்தானைச் சரிகை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அந்த ஓரம் ஒருமுறை லேசாக அசையும். பக்கத்தில் சின்னதாக ஓர் அம்புக்குறி. விரலால் இழுத்தால் முழுப் புடவையும் விரியும்.

அதைத்தான் நான் கெடுத்தேன்.

“சரிகை வெளிய தெரியிற மாதிரி எந்த வீட்லமா பட்டுப் புடவையை மடிப்பாங்க?” என்று கேட்டேன். காற்றுப் பட்டால் கறுத்துவிடும் என்று சரிகையை உள்ளே வைத்து மடித்தே பழகிய கை என்னுடையது. நெசவுக் குடும்பத்தில் பிறந்து, கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு.

“தொட்டா திறக்கும்னு பாக்கறவங்களுக்கு எப்படி மாமா தெரியும்?”

“ரசனை இருக்கிறவன் தொட்டுப் பாப்பான். கோயில் வாசல்ல பஸ்ஸை விட்டு இறங்கறவங்களை, கையைப் பிடிச்சுக் கடைக்கு இழுத்துக்கினு போறானே தரகன், அவன் மாதிரி இருக்குது இது.”

அந்தத் தரகர்களை அவளுக்கும் பிடிக்காது. அது தெரிந்தேதான் சொன்னேன். அம்புக்குறி, அசைவு, சரிகை எல்லாவற்றையும் எடுத்தாள். கட்டம் கட்டமாக வெறும் நிறங்கள்தான் மிஞ்சின.

நேர்காணல் வீடியோவில் நடந்தது. நான் அடுத்த அறையில் இருந்தேன்.

“கலர்ஸ் நல்லா இருக்குங்க. டிசைன் எதுவும் வைக்கலையா?” என்றது ஒரு பெண் குரல்.

“ஒவ்வொண்ணையும் தொட்டா திறக்கும் மேடம்.”

“ஓ... தொடணுமா?”

அந்த வாரமே, வேறொருவரை எடுத்துவிட்டதாக மெயில் வந்தது.

அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றேன். பட்டுக்கடை வைத்திருக்கும் என் தம்பி வந்தபோது, எதுவும் சொல்லாமல் போனை நீட்டினேன். மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, “இன்னாணா, கலர் அட்டையா? வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கப் போறியா?” என்று திருப்பிக் கொடுத்தான்.

மருமகள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்து, “பழையபடி மாத்தப் போறேன் மாமா. இந்த வாட்டி உங்ககிட்ட காட்ட மாட்டேன்,” என்றாள்.

“காட்டாதமா.”

மாற்றினாள். சரிகை முன்பைவிட அதிகமாகவே வெளியே நிற்கிறது. அது எனக்கு அவள் சொன்ன பதில், வாங்கிக்கொண்டேன். தம்பி மறுபடி பார்த்தபோது, யாரும் சொல்லாமலே அவன் விரல் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. வாய்தான் சும்மா இருக்கவில்லை.

“சரிகை கறுத்துடும்பியேணா?”

“கண்ணாடிக்குள்ள எந்தச் சரிகைடா கறுக்கும்? போடா.”

அதே நிறுவனம் மறுபடி ஆள் எடுக்கிறது என்று, நேற்று அவள் மீண்டும் விண்ணப்பம் அனுப்ப உட்கார்ந்தாள். வேண்டாம் என்றவர்களிடமே போவதா என்று என் மகன் தயங்கினான். “அனுப்பட்டும்டா” என்று குரலை உயர்த்தினேன். முதலில் சரிகையை மறைக்கச் சொன்னது மாமனார்தான் என்று அதில் எழுதிவிடும்படி அவளிடம் சொன்னேன்.

“அதெல்லாம் எதுக்கு மாமா?” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “இந்த வாட்டி அவங்க கை தானாப் போவும்.”